குடும்ப செடான் காருக்கு இரட்டை முனை சைலன்சர் பொருத்தும் முறை

நான்கு சிலிண்டர் எஞ்சின் கொண்ட சாதாரணக் குடும்ப செடான் ஒன்றில் இரண்டாவது புகைக்குழாய் முனையைக் கொண்டுவருவதால் எஞ்சினின் திறன் சொல்லிக்கொள்ளும்படி கூடிவிடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான்கு சிலிண்டர்களிலிருந்தும் வரும் புகை எஞ்சினோடு இணைந்த மேனிஃபோல்ட் என்ற சேர்ப்புக் குழாயிலேயே ஒன்றுசேர்ந்து, நச்சுப்புகையைச் சுத்திகரிக்கும் ஒரே கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் புகுந்து, காரின் அடியில் ஒற்றைக் குழாயாகவே பின்னால் வருகிறது. அந்தக் குழாய் கடைசி ஒரு மீட்டரில் இரண்டாகப் பிரிவதை எஞ்சின் ஏறக்குறைய உணர்வதே இல்லை. கிடைப்பது தோற்றமும், சற்றே கனத்த ஒலியும்தான். ஆனால் வேலை தவறாகப் போனால் இழப்பதற்கு நிறைய இருக்கிறது. காருக்குள் இருக்கும் அமைதி, தரையிலிருந்து உள்ள உயரம், பம்பரின் பிளாஸ்டிக், எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளே அமர்ந்திருப்பவர்கள் சுவாசிக்கும் காற்று ஆகிய அனைத்தும் இந்தக் குழாயோடு தொடர்புடையவை.

இந்த வேலையைத் தாமே செய்பவர்களில் பெரும்பாலோர் வேலையின் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். இருக்கும் குழாயை வெட்டி, பிரிப்பானை வைத்து, அங்கிருந்து பின்னோக்கிக் கட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு வளைவிலும் சேரும் சிறு பிழைகள் எல்லாம் கடைசியில் கண்ணுக்கு நேராகத் தெரியும் இரு முனைகளில் வந்து நிற்கும். ஒன்று உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும், ஒன்று உள்வாங்கியும் மற்றொன்று துருத்தியும் இருக்கும். முனைகளை முதலில் அவற்றுக்குரிய இடத்தில் நிறுத்தி, அடுத்து சைலன்சர்களைத் தொங்கவிட்டு, குழாய் பிரியும் இடத்தைக் கடைசியாக வெட்டுவதே கீழே விவரிக்கப்படும் முறை. பிழை எங்காவது ஒளிந்துகொள்ளத்தான் வேண்டும் என்றால், அது யாரும் பார்க்காத நடுப்பகுதியில் ஒளிந்துகொள்ளட்டும்.

எந்த அமைப்பு

இரட்டை முனை என்ற பெயரில் மூன்று வெவ்வேறு அமைப்புகள் புழங்குகின்றன. முதலாவது, ஒரே சைலன்சரின் ஒரே பக்கத்தில் இரு முனைகள் அடுத்தடுத்து இருப்பது. இதற்குப் பழைய சைலன்சர் இருந்த இடமே போதும், அரை நாள் வேலை. இரண்டாவது, பின்பக்கத்தில் குறுக்காகக் கிடக்கும் ஒரே நீளமான சைலன்சரின் இரு கோடிகளிலும் ஒவ்வொரு முனை இருப்பது. மூன்றாவது, குழாய் பின் அச்சுக்கு அருகில் இரண்டாகப் பிரிந்து, இடமும் வலமும் தனித்தனி சைலன்சர்களுக்குப் போவது. பம்பரின் இரு ஓரங்களிலும் முனை தெரியவேண்டும் என்று விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாவதையே மனத்தில் வைத்திருக்கிறார்கள். வேலையும் அதில்தான் அதிகம் என்பதால் இந்தக் கட்டுரை அதையே எடுத்துக்கொள்கிறது. மற்ற இரண்டுக்கும் இதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

முடிவெடுப்பதற்கு முன் காரை உயர்த்தி, சைலன்சர் இல்லாத பக்கத்தை நிதானமாகப் பார்க்கவேண்டும். தொழிற்சாலையில் அந்தப் பக்கம் சும்மா விடப்பட்டிருக்காது. டிக்கியின் அடியில் ஸ்டெப்னி உட்காரும் பள்ளம் கீழே இறங்கியிருக்கும்; பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா பல கார்களில் அங்கேதான் இருக்கிறது; எரிபொருள் நிரப்பும் குழாய், கை பிரேக் கேபிள், பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாய்கள், பார்க்கிங் சென்சார் கம்பிகள் எல்லாம் அந்த வழியாகப் போகலாம். கரி டப்பாவை இடம் மாற்றினால்தான் சைலன்சர் கொள்ளும் என்ற நிலை இருந்தால் மூன்றாவது அமைப்பைக் கைவிட்டுவிடுவதே என் பரிந்துரை. அந்த டப்பாவும் அதன் குழாய்களும் எரிபொருள் ஆவியைக் கையாளும் அமைப்பின் உறுப்புகள். ஒரு முனையின் அழகுக்காக அவற்றைத் தொடுவது நல்ல பேரம் ஆகாது.

இடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வாங்க நினைக்கும் சைலன்சரின் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி, அதைக் காரின் அடியில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டுப் பார்க்கலாம். பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 25 மி.மீ. இடைவெளி வேண்டும், பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய், கம்பிக்கட்டு ஆகியவற்றின் பக்கம் இதைவிடக் கூடுதலாகவும், நடுவில் ஒரு அலுமினிய வெப்பத் தடுப்புத் தகடும் இருக்கவேண்டும். பெட்டியின் அடிப்பாகம் பழைய சைலன்சரின் அடிப்பாகத்தைவிடத் தாழ்ந்துவிடக் கூடாது. ஜாக்கியில் ஏற்றிய காரில் பின் சக்கரங்கள் தொங்கிப்போய் அச்சு கீழே இறங்கியிருக்கும் என்பதால், அச்சுக்கும் குழாய்க்கும் இடையே அப்போது தெரியும் தாராளமான இடைவெளியை நம்பக் கூடாது. பின் இருக்கையில் மூவர் அமர்ந்து, டிக்கியில் பெட்டிகளும் ஏறி, வேகத்தடை ஒன்றில் கார் இறங்கும்போது அந்த அச்சு எவ்வளவு மேலே வரும் என்பதே கணக்கு.

குழாயின் அளவும் உலோகமும்

குழாயைப் பிரிக்கும்போது இரு கிளைகளின் உட்பரப்பும், அதாவது குறுக்கே வெட்டினால் தெரியும் துவாரத்தின் பரப்பும், சேர்ந்து முதன்மைக் குழாயின் உட்பரப்புக்குச் சமமாகவோ சற்றே கூடுதலாகவோ இருந்தால் போதும். முதன்மைக் குழாயின் வெளிவிட்டம் 50.8 மி.மீ., சுவர்த் தடிமன் 1.5 மி.மீ. என்றால் உள்விட்டம் 47.8 மி.மீ., உட்பரப்பு சுமார் 1,795 சதுர மி.மீ. வெளிவிட்டம் 38.1 மி.மீ. கொண்ட கிளைக்குழாய் ஒன்றின் உட்பரப்பு, அதே சுவர்த் தடிமனில், சுமார் 968 சதுர மி.மீ.; இரண்டும் சேர்ந்தால் சுமார் 1,935. ஆகவே இந்தக் காருக்கு 38.1 மி.மீ. கிளைகளே சரியானவை. முதன்மைக் குழாயின் அளவிலேயே இரு கிளைகளையும் போட்டுவிட்டால் பரப்பு இரண்டு மடங்காகும். புகையின் வேகம் பாதியாகக் குறையும், குழாய்க்குள் அது சீக்கிரம் குளிரும், குளிர்ந்த நீராவி சைலன்சருக்குள் தண்ணீராகத் தேங்கி உள்ளிருந்தே துருவை வளர்க்கும். எடையும் வீணாகக் கூடும். பழைய குழாயின் அளவு தெரியாவிட்டால் அதைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி, நூலின் நீளத்தை 3.14ஆல் வகுத்தால் வெளிவிட்டம் கிடைத்துவிடும்.

உலோகத்தில் மூன்று தெரிவுகள் உண்டு. அலுமினியப் பூச்சு கொண்ட எஃகு விலை குறைந்தது, வளைக்கவும் ஒட்டவும் எளிது, ஆனால் வெல்டிங் பட்ட இடத்தில் பூச்சு எரிந்துபோவதால் அங்கே துரு பிடிக்கத் தொடங்கும். 409 வகைத் துருவேறா எஃகில் சுமார் 11 விழுக்காடு குரோமியம் உண்டு. மேலே பழுப்பு நிறம் படிந்தாலும் எளிதில் ஓட்டை விழாது, கார் நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்துவது இந்த வகையைத்தான். 304 வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருப்பதால் பளபளப்பு நீடிக்கும். காந்தம் 409இல் ஒட்டும், 304இல் பெரும்பாலும் ஒட்டாது. கடையில் சொல்வதைச் சரிபார்க்க இதுவே எளிய வழி. துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாயை எந்தக் காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் வெல்டிங் சூட்டில் துத்தநாகம் நச்சுப்புகையாகக் கிளம்பும்.

304இன் பளபளப்புக்கு ஒரு விலை உண்டு: அது சூட்டில் அதிகம் நீளும். இரண்டு மீட்டர் நீளமுள்ள 304 குழாய் 300 டிகிரி செல்சியஸ் சூடேறும்போது சுமார் 10 மி.மீ. நீளும், 409 குழாய் அதே சூட்டில் 7 மி.மீ. அளவில் நின்றுவிடும். முன்பக்கம் எஞ்சினோடு பிணைக்கப்பட்டிருப்பதால் இந்த நீட்சி முழுவதும் பின்னோக்கித்தான் வரும். குறுக்காகப் போகும் கிளைகள் பக்கவாட்டிலும் தள்ளும். நான் முதன்முதலில் செய்த காரில், குளிர்ந்த நிலையில் இரு முனைகளையும் பம்பரின் வெட்டுகளுக்குள் மயிரிழை பிசகாமல் நடுவில் நிறுத்தி, அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அரை மணி நேரம் ஓட்டித் திரும்பியபோது இடது முனை வெளிப்பக்கமாக நகர்ந்து பம்பரைத் தொட்டுக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிறை வடிவத்தில் பிளாஸ்டிக் உருகிப் பளபளத்தது. அந்தத் தழும்பு இன்னும் அங்கேயே இருக்கிறது.

தொடக்கூடாதவை

கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார்களையும் தொடவேண்டிய தேவை இந்த வேலையில் இல்லை. வெட்டு எப்போதும் கடைசி சென்சாருக்கும், குழாயின் நடுப்பகுதியில் இரைச்சலை அடக்கும் ரெசனேட்டர் என்ற உருளைக்கும் பின்னால்தான் விழவேண்டும். கன்வெர்ட்டரை அகற்றுவது பல நாடுகளில் சட்டவிரோதம். ஒலி அளவுக்கும் வரம்பு உண்டு. மாற்றுச் சைலன்சர்களுக்கென ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் ஒழுங்குமுறை எண் 59 இருக்கிறது. அதன்படி ஒப்புதல் பெற்ற சைலன்சரின் மேல் வட்டத்துக்குள் அதற்கான எழுத்தும் நாட்டு எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்டதை வாங்குவது நல்லது, எனினும் அந்த ஒப்புதல் குறிப்பிட்ட கார் வகைக்கானது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். நின்றநிலையில் ஒலியை அளக்கும்போது ஒலிவாங்கியை முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, புகை வரும் திசைக்கு 45 டிகிரி கோணத்தில் வைப்பார்கள். இரு முனைகளும் 30 செ.மீ.க்கு மேல் விலகியிருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து அதிகமானதையே கணக்கில் எடுப்பார்கள். எனவே ஒரு பக்கம் மட்டும் சத்தமாக இருந்தாலும் தேர்ச்சி கிடைக்காது. வாகனத்தின் உத்தரவாதமும் காப்பீடும் இந்த மாற்றத்தை எப்படிப் பார்க்கின்றன என்பதைக் குழாயை வெட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது புத்திசாலித்தனம்.

பழையதைக் கழற்றுதல்

சமதளமான கெட்டித் தரையில் காரை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பின்பக்கத்தை உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இறக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழையக் கூடாது. ஏற்றியபின் பக்கவாட்டில் ஒரு முறை நன்றாகத் தள்ளிப் பார்த்து, அசையாமல் இருந்தால் மட்டுமே உள்ளே போகவேண்டும். எஞ்சின் முழுவதும் ஆறியிருக்கவேண்டும். துருச் செதில்கள் நேராகக் கண்ணில் விழும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மேலே பார்க்கவே கூடாது.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டால் பாதி வேலை முடிந்ததுபோல்தான். சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கர்களைக் கழற்ற அவற்றின் துளையில் சோப்புத் தண்ணீரைத் தடவி, ரப்பரைத் திருகிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். மண்ணெண்ணெயோ கிரீஸோ தடவினால் ரப்பர் உப்பிப் பாழாகும். சைலன்சரின் எடை முழுவதும் ஒரே நேரத்தில் கையில் விழாதபடி அடியில் ஒரு முட்டுக்கட்டையோ இரண்டாவது ஜாக்கியோ கொடுத்துவைக்கவேண்டும். பல கார்களில் தொழிற்சாலைக் குழாய் ரெசனேட்டரிலிருந்து கடைசி முனைவரை ஒரே துண்டாக, பின் அச்சுக்கு மேலே வளைந்து போகும். அதை வெட்டாமல் வெளியே எடுக்க முடியாது. அவசரப்பட்டு இந்தக் கட்டத்திலேயே நினைத்த இடத்தில் வெட்டிவிடாமல், பழைய சைலன்சரின் வாய்க்கு மிக அருகில் வெட்டுவது நல்லது. மிச்சமிருக்கும் நீளத்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். பழைய சைலன்சரையும் தூக்கி எறியவேண்டாம். சோதனையில் தேறாத கார் மறுபடி பழைய நிலைக்குத் திரும்ப அதுவே வழி.

முனைகள் முதலில்

பம்பரைக் கழற்றி மெத்தென்ற துணியின்மேல் கவிழ்த்து வைத்துக்கொள்ளவேண்டும். பார்க்கிங் சென்சார் இணைப்பையும் எண் பலகை விளக்கின் இணைப்பையும் இழுக்குமுன் பிரித்துவிடவேண்டும். இழுவைக் கொக்கி திருகும் துளைக்கு வெட்டு குறுக்கே வரக்கூடாது. பம்பரின் நடுக்கோட்டை அளந்து ஒட்டுத்தாளில் கோடு போட்டு, அதிலிருந்து இருபுறமும் சம தூரத்தில் முனைகளின் மையத்தைக் குறிக்கவேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் அட்டையில் அச்சு வெட்டி, அதையே திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் வரைந்தால் இரண்டும் கண்ணாடிப் பிம்பம்போல் அமையும். முதலில் வேண்டியதைவிட 5 மி.மீ. சிறியதாக வெட்டி, பிறகு அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துப் பெரிதாக்கவேண்டும். வேகமாகச் சுழலும் கிரைண்டர் பிளாஸ்டிக்கை வெட்டுவதைவிட உருக்கவே செய்யும் என்பதால் மெல்லிய பல் கொண்ட கைரம்பமே மேல்.

முடிந்த வெட்டுக்கும் முனைக்கும் இடையே மேலும் கீழும் 15 மி.மீ., பக்கவாட்டில் வெளிப்புறமாக 20 மி.மீ. என்ற அளவில் இடைவெளி விடுவது என் வழக்கம். குளிர்ந்த நிலையில் முனைகள் மிகச் சிறிதளவு உள்நோக்கி இருந்தால், சூடேறியபின் நடுவுக்கு வந்துவிடும். முனை எவ்வளவு வெளியே வரவேண்டும் என்பதிலும் அழகு மட்டும் பேசக்கூடாது. பம்பருக்குள் உள்வாங்கி நிற்கும் முனை தன் சூட்டையும் புகையையும் பம்பரின் உட்புறத்திலேயே கொட்டும். அதிகம் துருத்தினால் டிக்கியில் சாமான் ஏற்றுகிறவரின் காலைச் சுடும். பம்பரின் விளிம்புக்குச் சமமாகவோ, சூடேறிய நிலையில் 10 மி.மீ. வெளியேயோ இருப்பது போதும்.

பம்பரைக் கழற்றியிருக்கும் இந்த நேரத்தில், அதன் மூலைக்குப் பின்னால் உடற்கூட்டில் இருக்கும் செவ்வகமான சிறு சட்டங்களைக் கவனிக்கவேண்டும். அவற்றில் மெல்லிய ரப்பர் மடல்கள் வரிசையாகத் தொங்கும். விசிறியும் ஏசியும் உள்ளே தள்ளும் காற்று டிக்கி வழியாக வெளியேறுவதற்கான வாயில்கள் அவை. விரலால் ஒவ்வொரு மடலையும் தூக்கிவிட்டுப் பார்த்தால், நல்ல மடல் தானே விழுந்து சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும்; விறைத்துப்போனதோ கிழிந்ததோ பாதி திறந்தபடியே நிற்கும். பழைய அமைப்பில் புகை முனை ஒரு பக்கம் மட்டும் இருந்தது. இப்போது இரு மூலைகளிலும், இந்த வாயில்களுக்கு ஒரு முழம் தூரத்தில், புகைக்குழாய் வரப்போகிறது. ஓடும் செடானின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து புகை காரையே சுற்றிச் சுழலும் என்பதால், இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் கெட்டுப்போன மடல் வழியே நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே வர வழியுண்டு. சட்டத்தை மாற்ற ஆகும் செலவு இந்த வேலையின் மொத்தச் செலவில் ஒரு துணுக்குதான்; சந்தேகம் இருந்தால் மாற்றிவிடவேண்டும்.

தொங்கவிடுதல்

பம்பரை மீண்டும் மாட்டி, முனைகளைச் சைலன்சர்களோடு தற்காலிகமாகச் சேர்த்து, அவற்றை மரக்கட்டைகளாலும் கம்பியாலும் அவற்றுக்குரிய உயரத்தில் முட்டுக்கொடுத்து நிறுத்தவேண்டும். இனி ஹேங்கர்கள். ஒவ்வொரு சைலன்சருக்கும் குறைந்தது இரண்டு வேண்டும்; ஒன்று எடையைத் தாங்க, மற்றொன்று அது சுழலாமல் இருக்க. பழைய பக்கத்தில் தொழிற்சாலைக் கொக்கிகள் இருக்கும். புதிய பக்கத்தில் கொக்கியை மெல்லிய தரைத் தகட்டில் பற்றவைக்காமல், அடிச்சட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் மறையுள்ள துளைகளில் போல்ட் போட்டு இறுக்கும் தாங்கியைச் செய்துகொள்வதையே நான் விரும்புவேன். டிக்கியின் அடித்தகட்டில் துளையிட்டால் துளையின் விளிம்புக்குத் துருத் தடுப்பு வண்ணமும், மேலே அகன்ற வாஷரும் கட்டாயம்.

எல்லா ரப்பர்களையும் ஒரே நேரத்தில் புதிதாக மாற்றிவிடவேண்டும். ஒரு பக்கம் பத்தாண்டுப் பழைய ரப்பரும் மறுபக்கம் புதிய ரப்பரும் இருந்தால், முதல் நாள் சமமாக நின்ற முனைகள் ஒரு மாதத்தில் ஏறி இறங்கி நிற்கும். கொக்கிக் கம்பிகள் நீட்சி வரும் திசையில், அதாவது முன்பின்னாக, ரப்பருக்குள் சிறிது வழுக்கிச் செல்லும்படி அமைந்திருக்கவேண்டும். குளிர்ந்த நிலையில் ரப்பர் செங்குத்தாக இல்லாமல் சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருந்தால், சூடேறியபின் நேராகிவிடும். ரப்பர் ஒன்று முழுவதும் இழுபட்டு விறைத்திருந்தால் அந்த வழியாக எஞ்சினின் அதிர்வு முழுவதும் உடற்கூட்டுக்குள் இறங்கும். பின் இருக்கையில் அமர்ந்தவருக்குக் காதில் பஞ்சு அடைத்ததுபோல் ஓர் அழுத்தம் தோன்றும். சைலன்சரில் குறை சொல்லப்படும் இரைச்சல்களில் பல இந்த ரப்பரிலிருந்தே பிறக்கின்றன.

பிரியும் இடம்

இப்போது இரு சைலன்சர்களும் தம் இடத்தில் நிற்கின்றன, முன்னாலிருந்து வரும் குழாயும் தன் இடத்தில் நிற்கிறது. இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்புவதுதான் மிச்சம். பிரிப்பான் ஆங்கில ஒய் எழுத்தின் வடிவில், கிளைகளுக்கு இடையே 30 டிகிரி அளவிலான குறுகிய கோணத்தோடு இருப்பது நல்லது. நேராக வரும் குழாயைக் குறுக்குக் குழாயின் நடுவில் முட்டவிட்டு டி வடிவில் பற்றவைப்பது எளிதுதான், ஆனால் புகை சுவரில் மோதித் திரும்பும். அழுத்தம் கூடும், ஒலியும் கரகரக்கும். கிளைகள் முடிந்தவரை சம நீளமாகவும் சம எண்ணிக்கையில் வளைவுகள் கொண்டவையாகவும் இருக்கவேண்டும். ஒன்று 40 செ.மீ.யும் மற்றொன்று 140 செ.மீ.யும் ஆனால் புகை எளிய வழியையே தேர்ந்தெடுக்கும். நீண்ட கிளையின் சைலன்சர் சரியாகச் சூடேறாமல் தண்ணீர் தேக்கி மற்றதைவிட முன்னதாகவே துருப்பிடிக்கும். பிரிப்பானை நடுக்கோட்டில் வைக்க ஸ்டெப்னிப் பள்ளம் இடம் தராவிட்டால், அதை முன்னோக்கித் தள்ளிப் பள்ளத்துக்கும் அச்சுக்கும் இடையே கொண்டுபோகலாம்.

வளைவுகளை உள்ளே தாங்கி கொடுத்து வளைத்த ஆயத்தத் துண்டுகளாக, 45, 90 டிகிரிகளில் வாங்கி, வேண்டிய கோணத்துக்கு அறுத்துப் பயன்படுத்துவதே வீட்டில் வேலை செய்பவருக்கு ஏற்றது. தாங்கியில்லாமல் அழுத்தி வளைத்த குழாய் வளைவில் நசுங்கி, மேலே நாம் போட்ட பரப்புக் கணக்கைப் பொய்யாக்கிவிடும். ஒவ்வொரு துண்டையும் பொருத்திப் பார்த்தபின், இரண்டு துண்டுகளுக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவைத்தால், கழற்றி மாட்டும்போது கோணம் மாறாது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இணைப்புகளில் 40 முதல் 50 மி.மீ. வரை மேற்படிவு வேண்டும். முன்னாலிருந்து வரும் குழாய் பின்னால் உள்ளதற்குள் நுழையும்படி அமைத்தால் புகை இணைப்பின் விளிம்பில் மோதாது. எல்லாவற்றையும் வெல்டிங்கால் ஒரே துண்டாக்கிவிடாமல், ஒவ்வொரு கிளையிலும் ஓர் இணைப்பையாவது அகன்ற பட்டைக் கிளாம்பால் இறுக்குவது நல்லது. பிறகு ஒரு பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றவும், முனைகளை ஒரு துளி திருப்பிச் சரிசெய்யவும் அது ஒன்றே வழிவிடும்.

வெல்டிங்

காரிலேயே செய்யவேண்டியது சிறு புள்ளிப் பற்றவைப்பு மட்டுமே; ஒவ்வோர் இணைப்பிலும் மூன்று அல்லது நான்கு புள்ளிகள் போதும். முழு வெல்டிங்கை அமைப்பை இறக்கி மேசைமேல் வைத்துத்தான் செய்யவேண்டும். புள்ளி வைக்கும் நேரத்திலும் பெட்ரோல் டேங்க் அருகில் தீப்பொறி பறக்க விடக்கூடாது. டேங்குக்கு அருகில்தான் புள்ளி வரும் என்றால், பெயின்ட் கோட்டை மட்டும் நம்பிக் கழற்றி, வெளியே வைத்துப் பற்றவைக்கவேண்டும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் குழாயிலேயே, இடத்துக்கு மிக அருகில் கவ்வவேண்டும். எங்கோ உடற்கூட்டில் கவ்வினால் மின்னோட்டம் சென்சார்கள், பேரிங்குகள் வழியே திரும்பிப் போகலாம். டிக்கியின் தரைவிரிப்பை அகற்றி, தீயணைப்பானோடு ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது மிகையாகாது. குழாயைத் துடைக்கக் குளோரின் கலந்த பிரேக் கிளீனரைப் பயன்படுத்தவே கூடாது. அதன் ஈரம் வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சுவாயுவாக மாறும். அசிட்டோனால் துடைத்து, முழுவதும் உலர்ந்தபின் புட்டியை வெகுதூரம் எடுத்து வைத்துவிட்டுப் பற்றவைக்கலாம்.

மேசையில் சுற்று முழுவதையும் ஒரே மூச்சில் பற்றவைத்தால் குழாய் சூட்டில் இழுபட்டுக் கோணம் மாறும். கடிகாரத்தில் 12 மணி இடத்தில் சிறிது, பிறகு 6 மணி இடத்தில், பிறகு 3, 9 என்று எதிரெதிராக மாற்றிக்கொண்டே போகவேண்டும். துருவேறா எஃகை டிக் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்ட வெல்டிங்) முறையில் பற்றவைக்கும்போது குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் நிரம்பியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் உட்பக்கம் கருகிச் சர்க்கரைபோல் பொரிந்து, அங்கிருந்தே விரிசல் தொடங்கும். அலுமினியப் பூச்சுக் குழாயில் பற்றவைத்த இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சூடு தாங்கும் வண்ணம் அடிக்கவேண்டும். கையில் வெல்டிங் பழகாதவர்கள் புள்ளிவரை தாமே செய்துவிட்டு, அமைப்பைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச் செல்வதில் எந்தக் குறைச்சலும் இல்லை. இந்த வேலையின் மூளை அளவெடுப்பதில்தான் இருக்கிறது.

சோதனை

திறந்த வெளியில், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, உதவியாளர் ஒருவர் தடித்த துணியால் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் சில நொடிகள் அடைக்கவேண்டும். ஒன்றை மட்டும் அடைத்தால் புகை மற்றதன் வழியே போய்விடும், சோதனை பயனற்றதாகும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் கசிவு உள்ள இடத்தில் குமிழி கிளம்பும். காதுக்கு ஸ் என்ற ஒலியும் கேட்கும். பற்றவைத்த இடத்தில் கசிந்தால் மீண்டும் பற்றவைக்கவேண்டும், பசை பூசி மறைக்கக் கூடாது.

பிறகு 20 நிமிடம் ஓட்டிவிட்டு வந்து, தொடாமல், டார்ச் அடித்து எல்லா இடைவெளிகளையும் மறுபடி அளக்கவேண்டும். புதுக் குழாயில் ஒட்டியிருக்கும் எண்ணெய் எரிந்து முதல் ஓட்டத்தில் லேசாகப் புகையும் வாடையும் வருவது இயல்பு. பின் இருக்கையில் ஒருவரை அமர்த்தி, எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 முதல் 2,500 முறை வரை சுழலும் நிலையில் சீராக ஓட்டிப் பார்க்கவேண்டும். இரைச்சல் வந்தால் பெரும்பாலும் இங்கேதான் வரும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 முறை சுழலும்போது நொடிக்குச் சுமார் 67 முறை வெடிக்கிறது; செடானின் மூடிய அறை அந்தத் தாழ்ந்த ஒலியை எளிதில் பிடித்துக்கொண்டு முழங்கும். முதலில் எங்காவது குழாய் உடற்கூட்டைத் தொடுகிறதா, ரப்பர் விறைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டும் இல்லை என்றால், ஒரு முனை அடைத்த பக்கக் குழாய் ஒன்றை இணைத்து அந்த ஒலியை மட்டும் அடக்கலாம். அதன் நீளம் ஒலியலையின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு இருக்கவேண்டும். சூடான புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தில் போகும் என்று கொண்டால், 67 அதிர்வுக்கு அந்தக் குழாய் ஏறத்தாழ 1.7 மீட்டர் நீளம் வேண்டும். செடானின் அடியில் அவ்வளவு நீளத்துக்கு இடம் தேடி அலைந்தவர்களுக்குத்தான், தொழிற்சாலை ரெசனேட்டரைக் கழற்றாதே என்று சொல்வதன் அருமை புரியும்.

சுமார் 100 கி.மீ. ஓடி, பல முறை சூடேறி ஆறியபின் எல்லாக் கிளாம்புகளையும் மறுபடி இறுக்கவேண்டும். ஒரு மாதம் கழித்து இரு முனைகளின் உட்புறத்தையும் வெள்ளைத் துணியால் துடைத்து, கரியின் அளவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு துணி கருத்தும் மற்றது ஏறக்குறைய வெளுத்தும் இருந்தால் புகை ஒரே பக்கமாகப் போகிறது என்று பொருள். பிரிப்பானைச் சற்றுத் திருப்பி அமைக்க முடியுமா என்று அப்போது பார்க்கவேண்டும். முடியாவிட்டால், குறைவாகப் புகை போகும் பக்கத்துச் சைலன்சரின் மிகத் தாழ்ந்த புள்ளியில் தண்ணீர் வடிவதற்கு 3 மி.மீ. துளை இருக்கிறதா, அது அடைபடாமல் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் ஒரு கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டால் போதும்.